பெயரில்லாத வெள்ளி

வெள்ளிக்கு வயதாகாது. இதைத் தெரிந்துகொள்ள மதரசாவில் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. போன வருஷம் வெள்ளியாக இருந்தது இந்த வருஷமும் வெள்ளிதான். ஆனால் எங்கள் நாட்டில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒருவன் முரசு தட்டிக்கொண்டு தெருவில் வருவான். பழைய அக்சே வெள்ளிக்காசு இனிச் செல்லாது, கையில் வைத்திருப்பவன் குற்றவாளி, பன்னிரண்டு பழைய காசு கொடுத்தால் பத்துப் புதுக்காசு கிடைக்கும் என்று கத்துவான். புதுக்காசு பழையதைவிட எடை குறைந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டான். எண்ணிக்கையிலும் குறைத்து, எடையிலும் குறைத்து, ஒரே ஆட்டை இரண்டு தடவை உரிக்கிறார்கள். சந்தையில் ஒரு வெங்காயக்காரன் இந்த வேலையைச் செய்தால் அவன் காதைக் கடைக் கதவோடு சேர்த்து ஆணி அடிப்பார்கள். சுல்தானின் ஆள் செய்தால் அதற்குச் சட்டம் என்று பெயர்.

நான் துர்முஷ். சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹமாமில் உலைக்காரன். எங்கள் ஊரிலிருந்து புர்சா நகரம் ஒரு நாள் பயணம். மேலே ஊர் குளிக்கும், கீழே நான் விறகு தள்ளுவேன். ஊர்க்காரர்களின் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் வெந்நீர் போதவில்லை என்று கத்துவதைத்தான் கேட்டிருக்கிறேன். அதனால் யாரையும் நம்பும் பழக்கம் எனக்கு வரவில்லை. அது நல்லதுக்குத்தான்.

என் தாடி பாதி கறுப்பாக இருந்த காலத்தில் ஒரு குளிர்காலம். பழைய சுல்தான் இறந்து புதியவர் வந்திருந்தார். முரசு தட்டியாயிற்று. முரசுக்குப் பின்னாலேயே பலபான் வந்தான்.

பலபான் வெள்ளி தேடுகிறவன். புர்சா நாணயச்சாலையை எவனோ ஒரு பணக்காரன் குத்தகைக்கு எடுத்திருந்தான். அவனுடைய ஆள் இவன். பழைய காசு எங்கே ஒளிந்திருந்தாலும் தோண்டி எடுக்கலாம் என்று கையில் உத்தரவு. எடுத்ததில் இவனுக்கும் பங்கு. நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பான். அதை மொச்சைக்கொட்டை மூட்டையில் குத்துவான், ஊறுகாய் ஜாடியில் குத்துவான், வைக்கோல் மெத்தையில் குத்துவான். ரொட்டிக்காரர் வீட்டில் குழந்தையைத் தூக்கித் தாய் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான். என்னைப் பிடித்தது பள்ளிவாசல் வாசலில். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யக் கச்சையைத் தளர்த்தினேன், காசு முடிச்சு கீழே விழுந்தது.

"இது என்ன பெரியவரே?"

"என் கூலி."

"இது செத்துப்போன சுல்தானோட காசு."

"கூலி வாங்கினப்போ அவர் உயிரோடதான் இருந்தாரு."

அவனோடு வந்த இரண்டு தடியர்கள் சிரித்தார்கள். பலபானும் சிரித்தான். சிரித்துக்கொண்டே முடிச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பன்னிரண்டுக்குப் பத்து என்ன, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. புர்சாவுக்கு வந்து வாங்கிக்கொள் என்றான். புர்சாவுக்குப் போய் வர இரண்டு நாள் கூலி போகும். அது அவனுக்கும் தெரியும்.

சரி, என் கதை கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது கமரைப் பற்றி.

கமர் ஒரு விதவை. பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் எடுப்பவள். அவள் விரல்களைப் பார்த்தால் வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கும். புருஷன் தூனா ஆற்றங்கரைப் போருக்குப் போனான், வரவில்லை. அவளுக்கு இருந்தது ஒரு பெண், நிகார். இன்னொன்று அவள் தாய் கொடுத்த காசுத்தொப்பி. எங்கள் பெண்கள் கல்யாணத்தில் தலையில் வைப்பது அது. சிவப்புத் துணித் தொப்பி, அதில் வரிசை வரிசையாக வெள்ளி அக்சே தைத்திருக்கும். அது வீட்டுக்காரனுடைய சொத்து இல்லை, மாமனாருடையது இல்லை. பெண்ணுடையது. புருஷன் செத்தாலும் துரத்தினாலும் அவள் தலையில் இருப்பது அவளுக்கு.

கமர் அப்படித்தான் பிழைத்தாள். புருஷன் போன முதல் குளிர்காலத்தில் பின்வரிசைக் காசை ஒவ்வொன்றாகப் பிய்த்து மாவு வாங்கினாள். முன்வரிசையும் நடுவரிசையும் மிஞ்சியபோது நிறுத்திக்கொண்டாள். அதன்பிறகு பட்டினி கிடந்தாளே ஒழிய நூலில் கை வைக்கவில்லை. மீதி நிகாருக்கு. அதில் இருந்தது மூன்று சுல்தானுக்கு முன்னால் அடித்த காசு. கனமான காசு. இப்போது வருவதில் ஒன்றரை சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும்.

நிகாரைச் சேணக்காரர் வீட்டில் கேட்டிருந்தார்கள். சேணக்காரரின் மனைவி ஹப்ஸா. மூக்கு எப்போதும் வானத்தைப் பார்த்திருக்கும். தன் வீட்டுக்காரர் படைக்குச் சேணம் தைப்பவர் என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பெண் கேட்க வந்தபோதே சொல்லிவிட்டாளாம், "பொண்ணு ஏழையா இருந்தாப் பரவால்ல. ஆனா காசுத்தொப்பி இல்லாத தலை எங்க வாசப்படி ஏறாது."

கல்யாணத்துக்கு முன்பு பெண்ணை ஹமாமுக்கு அழைத்து வருவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வருவார்கள். பெண் தொப்பியை வைத்துக்கொண்டு நடுவிலிருக்கும் பெரிய பளிங்குக் கல்லைச் சுற்றி வந்து பெரியவர்கள் கையை முத்தமிடுவாள். மாமியார்க்காரி பெண்ணையும் பார்ப்பாள், தொப்பியையும் பார்ப்பாள். இரண்டில் எதை அதிகம் பார்ப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தொப்பியை எங்காவது புதைத்து வைத்துவிட்டு வரவும் வழி இல்லை. கமர் அதைச் செப்புக் கிண்ணத்தில் வைத்து, மேலே சோப்பு, அதன்மேல் துண்டு சுற்றி, திராட்சை இலை மடிக்கிற மாதிரி மடித்துக் கொண்டுவந்தாள். வந்தவர்கள் எல்லோருமே நகை போட்டுக்கொண்டுதான் வந்தார்கள், ஹப்ஸா தன் காசுத்தொப்பியோடு. கல்யாணக் குளியலுக்கு யார் வெறும் தலையோடு வருவார்கள்?

பலபானுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. இந்த ஊரில் அதற்கு ஆளா இல்லை. வியாழக்கிழமை, பெண்கள் முறை. எல்லோரும் உள்ளே போய்ப் பாட்டு ஆரம்பித்த நேரத்தில் வாசலில் வந்து நின்றான். நான் அப்போது விறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வாசலில் சுல்பியே உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் தலைவி. எருமைக்கு நிகரான உடம்பு, கையில் மரச்செருப்பு.

"உள்ள யார் யார் இருக்காங்க?" என்றான் பலபான்.

"பொம்பளைங்க."

"எத்தனை பேரு?"

"நீ எண்ணிப் பார்க்கவா துணியை அவுத்துட்டு உக்காந்திருக்காங்க? போப்பா அந்தப் பக்கம்."

"கல்யாணப் பொண்ணு தலையில பழைய அக்சே இருக்கு. வெளிய எடுத்துக் குடுக்கச் சொல்லு."

"அதுல ஓட்டை போட்டு நூல் கோத்திருக்கு. அது காசா? நகை. ஓட்டைக் காசை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? நீ வாங்குவியா?"

"ஓட்டையை எவன் கேட்டான்? சுல்தான் பேரு அதுல இருக்கா இல்லையா? பேரு இருந்தா அது காசு. பேரு இல்லேன்னா வெறும் வெள்ளி. வெறும் வெள்ளி தலையில இருந்தா எனக்கு என்ன, மூக்குல இருந்தா எனக்கு என்ன. சட்டம் தெரியாம நான் வரல."

சுல்பியே மரச்செருப்பால் தரையில் தட்டினாள். "உள்ள வந்து பாரேன். வந்துட்டுத் திரும்பிப் போறப்போ எது எது உன் உடம்புல மிச்சம் இருக்குன்னு சட்டத்துல பார்த்துக்கலாம்."

பெண்கள் இருக்கும் ஹமாமுக்குள் ஆண் கால் வைத்தால் ஊர் அவனைக் கல்லால் அடிக்கும். புர்சா உத்தரவுகூட அங்கே செல்லாது. பலபானுக்கும் அது தெரியும். ஒரு தடியனை வாசலில் நிறுத்திவிட்டு என் பின்னாலேயே உலைக்கு வந்தான்.

"அடுப்பை அணை."

"எதுக்கு?"

"குளுந்தாத் தானா வெளிய வருவாங்க."

"இது வக்பு அடுப்பு, பள்ளிவாசல் சொத்து. அதைப் பார்த்துக்கிற முத்தவல்லி சொன்னாத்தான் அணைப்பேன். என் இஷ்டத்துக்கு எரிக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது."

"முத்தவல்லி வீட்டுல பழைய காசு இல்லாமலா இருக்கும்? போய்ப் பார்த்துட்டு அவரையே கூட்டிட்டு வரவா?"

முத்தவல்லி வீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் வந்தால் யார் பக்கம் பேசுவார் என்பது தெரியும். எரிகிற கட்டைகளை நான்தான் இழுத்து வெளியே போட்டேன். என் கையால் போட்டேன். புதுப்பெண் குளிக்கிற நாளில் அடுப்பை அணைக்கச் சொன்ன ஒருவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பனி கொட்டுகிற நாள். உள்ளே ஈர உடம்போடு கிழவிகள் இருந்தார்கள், மாசமாக இருந்தவள் ஒருத்தி இருந்தாள்.

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஹமாமின் தரைக்கு அடியில் வெறும் புகைச் சுரங்கம். காலையிலிருந்து சூடேறிய கல் சாயங்காலம்வரை சூட்டை விடாது. நானும் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லையே.

பலபான் அந்தக் கட்டைகளில் குளிர் காய்ந்துவிட்டு முன்வாசலுக்குப் போய்விட்டான். நான் ஏணி வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறினேன். அங்கே சுவரில் கையளவு ஓட்டை ஒன்று உண்டு. வெந்நீர் போதாதென்றால் பெண்கள் அதன் வழியாகத்தான் கத்துவார்கள். அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, ஆவிதான்.

"சுல்பியே அக்கா. அடுப்பை அணைக்க வச்சுட்டான். பொழுது சாயறவரைக்கும் தாங்கும். அதுக்கு மேல என் கையில இல்ல."

பதில் சொன்னது கமர். "மாமா, சாம்பல் வேணும். நல்லாச் சலிச்ச சாம்பல்."

"பாத்திரம் கழுவவா வந்தீங்க?"

"கேள்வி கேக்காமக் குடுங்க மாமா."

சாம்பலுக்கு என்ன பஞ்சம்? சலித்து, பழைய துணியில் முடிந்து ஓட்டை வழியாகத் தள்ளினேன். இன்னொரு முடிச்சு கேட்டாள். இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் பெரிதாயிற்று. பாட்டுக்கு அடியில் வேறொரு சத்தம். கல்லில் கல் உரசுகிற சத்தம். எனக்குப் பல் கூசியது.

"என்னம்மா பண்றீங்க உள்ள?"

சுல்பியேயின் சிரிப்பு கேட்டது. "சுல்தானைக் குளிப்பாட்டுறோம் துர்முஷ் உஸ்தா. அழுக்கு ரொம்ப நாளா ஏறிக்கிடக்கு."

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. குதிகால் தேய்க்கிற நுரைக்கல் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதைக்கொண்டு, சாம்பலைப் போட்டு, பளிங்கில் வைத்துக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேர் இருந்தால் காசு, பேர் இல்லையென்றால் வெறும் வெள்ளி. அவனே சொன்னதுதானே. கமர் வாசலுக்கு உள்பக்கம் நின்று அதைக் கேட்டிருக்கிறாள்.

ஆனால் பேர் மட்டும் தனியாக உரிந்து வராது. வெள்ளியும் சேர்ந்துதான் வரும். பட்டினி கிடந்து காப்பாற்றிய வெள்ளியை அவள் கையாலேயே தேய்த்து ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கீழே சாக்கடை வாயில் சாம்பல் தண்ணீர் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  யார் வீட்டு வெள்ளி, யார் பேருக்காக இப்படி ஓடுகிறது?

திடீரென்று பாட்டு நின்றது. ஹப்ஸாவின் குரல் ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"என் தொப்பியில கை வைக்காதீங்க. சுல்தான் பேரை அழிக்கிறதா? எங்க வீட்டுக்காரரு படைக்குச் சேணம் தைக்கிறவரு. நான் சட்டப்படி குடுத்துட்டுச் சட்டப்படி வாங்கிக்குவேன்."

"அவன் குடுப்பான்னு நம்புறீங்களா சம்மந்தியம்மா?" இது கமர்.

"பன்னெண்டுக்குப் பத்துன்னு முரசடிச்சுச் சொல்லலையா? ஊரே கேக்கல? ரெண்டு போகட்டும், போனாப் போகுது. மானம் போகக்கூடாது. அப்புறம் ஒண்ணு சொல்லிடறேன் கமர். இந்த மொட்டைக் காசைத் தலையில வச்சுக்கிட்டு உன் பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றதை நான் யோசிக்கணும்."

 ஈரக் கல்லில் மரச்செருப்பு டக்டக்கென்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஏணியிலிருந்து இறங்கி முன்வாசலுக்கு ஓடினேன்.

ஹப்ஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்த தலையோடு வந்தாள். பலபானிடம் தானாகவே சொன்னாள். "என்கிட்ட பழைய அக்சே இருக்கு. முரசுல சொன்னபடி மாத்திக் குடுங்க."

"அப்படி வாங்க தாயே. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நான் எதுக்கு இந்தக் குளிர்ல நிக்கணும்? எங்க, காட்டுங்க."

தொப்பியைக் கழற்றச் சொன்னான். தெருவில். அவள் தயங்கினாள். கழற்றிக் கொடுத்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து ஈரமுடியின் ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நூலை அறுத்தான். வரிசை வரிசையாக அறுத்துப் பைக்குள் கொட்டினான். எண்ணவில்லை. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. கடைசிக் காசும் விழுந்ததும் வெறும் தொப்பியை அவள் கையில் வைத்தான்.

"புதுசு?" என்றாள்.

"புர்சாவுல வாங்கிக்கலாம் தாயே."

"முரசுல அப்படிச் சொல்லலையே."

"முரசு அடிக்கிறவனைப் போய்க் கேளுங்க."

அந்தத் தெருவில் அவளைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை என்பதுதான் உண்மை. மூக்கு வானத்தைப் பார்த்தவள் தரையைப் பார்க்கிறாள் என்று இரண்டு பேர் சந்தோஷப்பட்டுக்கூட இருக்கலாம். நான் சந்தோஷப்படவில்லை. அவள் சட்டத்தை நம்பி வெளியே வந்தவள். நம்பாதவர்களைக் கொள்ளையடிப்பது ஒரு ரகம். நம்பி வந்தவளை அடிப்பது வேறு ரகம்.

பொழுது சாய்ந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். நடுவில் நிகார். தலையில் தொப்பி. பலபான் கிட்டத்தில் போய் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். முன்வரிசை, நடுவரிசை, எல்லாம் வழுவழுவென்று மீன் செதில் மாதிரி. எழுத்து இல்லை, கோடு இல்லை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கமும் மொட்டை.

"தேச்சிருக்கீங்க."

"எதை?" என்றாள் சுல்பியே.

"சுல்தான் பேரை அழிச்சா என்ன தண்டனை தெரியுமா?"

"எந்தச் சுல்தான் பேரு? செத்துப்போனவரு பேரு செல்லாதுன்னு நீதானே தெருத்தெருவாச் சொல்லிட்டு வர்ற."

பலபான் விளக்கைத் தடியன் கையில் கொடுத்தான். தொப்பியைப் பிடுங்கினான். காலையில் காஜி முன்னால் வரச்சொன்னான். நிகார் வெறும் தலையோடு வீட்டுக்குப் போனாள். கல்யாணப்பெண் குளித்துவிட்டு வெறும் தலையோடு போவதை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கமர் அழவில்லை. அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

மறுநாள் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாம்பல் கொடுத்தவன் நான்தானே. சீக்கிரமே போய்விட்டேன். காஜி வீட்டு மதில் ஓரம் நின்றபோது, கதவுக்கு அந்தப் பக்கம் பலபான் பேசுவது கேட்டது. எதிரில் ஹப்ஸா.

"ஒரு வார்த்தை தாயே. அந்தத் தொப்பியில சுல்தான் பேரு இருந்துச்சு, தேச்சு அழிச்சாங்க, நான் பார்த்தேன். அவ்வளவுதான். உங்க காசு முழுசும் இன்னைக்கே கையில. பன்னெண்டுக்குப் பன்னெண்டு."

"புர்சாவுலதான் கிடைக்கும்னீங்க."

"உங்களுக்காக இங்கயே."

ஹப்ஸா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சேணக்காரர் இருமுவது மட்டும் கேட்டது. எனக்கு அப்போதே முடிந்துவிட்டதென்று தோன்றியது. ஒரு பக்கம் அவளுடைய காசு முழுவதும். மறுபக்கம் அவளுக்குப் பிடிக்காத ஒரு ஏழை சம்மந்தி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அவளைப் பற்றி நினைத்ததைச் சொல்கிறேன்.

காஜி நல்ல மனிதரும் இல்லை, கெட்ட மனிதரும் இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்த மனிதர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வில்லையாக நிமிண்டிப் பார்த்தார். முதலில் என்னைக் கேட்டார்.

"சாம்பல் கொடுத்தாயா?"

"குடுத்தேன். உலைக்காரன்கிட்ட சாம்பல் கேப்பாங்க, ரோஜாப்பூவா கேப்பாங்க?"

"எதற்கு என்று தெரியுமா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க. நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்ல."

காஜி பலபானைப் பார்த்தார். "இதில் பெயர் இருந்ததை நீ பார்த்தாயா?"

"நான் எப்படிப் பார்க்க முடியும்? ஆனா பார்த்தவங்க இருக்காங்க. ஹப்ஸா அம்மா உள்ளதான் இருந்தாங்க."

ஆண்கள் போக முடியாத இடத்தில் நடந்ததற்குப் பெண் சாட்சி போதும் என்றார் காஜி. ஹப்ஸாவை முன்னால் வரச்சொன்னார். அல்லாவின் பேரில் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் வாங்கினார். கமர் தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் பக்கத்தில் நிகார். காஜி மடியில் இருந்த தொப்பியை விட்டு அவள் கண் எங்கும் போகவில்லை.

"இந்தத் தொப்பியை ஹமாமில் பார்த்தாயா அம்மா?"

"பார்த்தேன்."

"தேய்ப்பதற்கு முன்னால்?"

"முன்னாலயும் பார்த்தேன்."

"அதில் சுல்தானின் பெயர் இருந்ததா?"

ஹப்ஸா பலபானை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். 

"எனக்கு எழுத்துத் தெரியாது."

"புரியவில்லை."

"படிக்கத் தெரியாது ஐயா. அதுல ஏதோ கோடு கோடா இருந்துச்சு. அது சுல்தான் பேரா, தட்டான் பேரா, கோழி கிறுக்கினதா, எனக்கு எப்படித் தெரியும்? சத்தியம் பண்ணிட்டுத் தெரியாததைச் சொல்ல முடியுமா?"

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். காஜி மற்ற பெண்களைக் கேட்டார். ஒவ்வொருத்தியும் அதையே சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஹமாமுக்குள் அன்றைக்கு எழுத்துத் தெரிந்த பெண் ஒருத்திகூட இல்லை. எனக்கும் தெரியாது. ஆயுள் முழுக்க அந்தக் காசைக் கையில் வாங்கினோம், கொடுத்தோம். அதில் யார் பேர் இருக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"ஆனா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு," என்றாள் ஹப்ஸா. முக்காட்டுக்குள்ளிருந்து தன் தொப்பியை எடுத்துக் காஜி முன்னால் வைத்தாள். அறுந்த நூல்கள் நான்கு பக்கமும் தொங்கின. "இவர் என்கிட்ட வாங்கினதுக்கு ஒரு காசு குடுக்கல. வாசல்ல நிறுத்திவச்சு, இந்தம்மா தலை போகட்டும், உன் காசைத் தர்றேன்னு பேரம் பேசினாரு. நான் முரசைக் கேட்டு வந்தவ. முரசுல இந்த பேரம் சொல்லல."

பலபான் அவள் பொய் சொல்கிறாள் என்றான். சேணக்காரர் இருமினார். முதல் தடவையாக வாயைத் திறந்து, "நானும் கேட்டேன்," என்றார்.

காஜி தீர்ப்பு சொன்னார். பெயர் இல்லாத வெள்ளி காசு ஆகாது. இது நகை. பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும். பேரம் பேசியதைப் பற்றித் தீர்ப்பு இல்லை. ஹப்ஸாவின் காசு நாணயச்சாலை விவகாரம், அதில் தனக்கு அதிகாரம் இல்லை, புர்சாவில் முறையிடலாம் என்றார். சொல்லிவிட்டு அவள் கண்ணைப் பார்க்காமல் எழுந்து போனார்.

பலபான் வெறுங்கையோடு போகவில்லை. அப்படிப் போகிறவனாக இருந்தால் அந்த வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். தொப்பியில் பேர் இல்லை, ஆனால் தேய்ந்து ஓடியது பேர் இருந்த வெள்ளி, அது நாணயச்சாலைக்குச் சொந்தம் என்றான். ஹமாம் சாக்கடைக் குழியில் இருந்த சாம்பல் சேற்றை வழித்து மூட்டை கட்டச்சொன்னான். வழித்தது நான். என்னைத்தான் வழிக்க வைத்தான். சோப்பு நுரை, தலைமுடி, சாம்பல் எல்லாம் கலந்த சேறு. மூட்டையைச் சுமந்துபோன கோவேறு கழுதை எங்கள் ஊர்க் கழுதை, தீவனம் எங்கள் ஊர்த் தீவனம். புர்சாவில் அதைக் காய்ச்சி என்ன எடுத்தார்களோ. கழுதை தின்ற பார்லிக்குக்கூட அது காணாது. ஆனால் எங்களுக்கும் இருக்கக்கூடாது. அதுதான் அவர்கள் கணக்கு.

கல்யாணம் நடந்தது. நிகார் மொட்டைக் காசுத் தொப்பியோடுதான் ஹப்ஸா வீட்டு வாசற்படி ஏறினாள். ஹப்ஸா வாசலில் நின்று வரவேற்றாள். தலையில் அவளுடைய தொப்பி. காசு இல்லை. அறுந்த நூல்களை அவள் நறுக்கவும் இல்லை, புதிதாக எதையும் தைக்கவும் இல்லை. அதற்குப்பிறகு ஊரில் எந்தக் கல்யாணம் ஆனாலும் அதைத்தான் வைத்துக்கொண்டு வருவாள். முன்வரிசையில் உட்காருவாள். யாராவது என்ன இது என்று கேட்டால், "சட்டப்படி குடுத்தது," என்பாள். மூக்கு மறுபடி வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை எனக்கு அதில் வருத்தம் இல்லை. புர்சாவிலிருந்து அவளுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

நிகாரின் தொப்பியைத் தேடி அதற்குப்பிறகு யாரும் வந்ததில்லை. எந்தச் சுல்தான் செத்தாலும் எந்தச் சுல்தான் வந்தாலும் அந்த வெள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவள் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம், இது ஏன் மொட்டையாக இருக்கிறது என்று. ஹப்ஸாதான் பதில் சொன்னாளாம். "நிறுத்துப் பார்த்துக்கங்க. படிச்சுப் பார்க்கிறதுக்கு அது என்ன புத்தகமா?"

முந்தாநாள் என் கூலி கொடுத்தார்கள். இந்த வருஷத்து அக்சே. ஈரக் கையில் வாங்கினேன். கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறிய பிறகுதான் விழுந்தது. மீன் செதில்கூட இதைவிடக் கனம்.

நேற்று மறுபடி முரசு. பழையது செல்லாதாம். பன்னிரண்டுக்குப் பத்தாம். முரசுக்காரன் இன்னும் தெரு முனை திரும்பவில்லை, தொட்டி மேலே ஓட்டை வழியாக ஒரு பெண் குரல் கேட்டது. யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை.

"மாமா, சாம்பல் இருக்கா?"

சலித்து முடிந்து வைத்திருந்தேன்.